மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியல்: பட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்து, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதி, முனைவர் பட்டம் முடித்து, இப்போது கல்லூரியில் அதே பாடத்தைக் கற்பித்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் வாய்மொழியாகச் சொல்லிவரும் செய்திகளைச் சற்று விரிவாக எழுதி வைக்க விரும்புகிறேன். இங்கே இயற்பியல் படிப்பவருக்கு உண்மையில் இரண்டு படிப்புகள் இருக்கின்றன. ஒன்று பருவத் தேர்வில் மதிப்பெண் பெறுவதற்கானது. மற்றொன்று பட்டம் பெற்ற பிறகு ஆராய்ச்சிக்கோ வேலைக்கோ செல்வதற்கானது. இரண்டுக்கும் பாடம் ஒன்றுதான், புத்தகமும் ஆய்வகமும் ஒன்றுதான். படிக்கும் முறைதான் வேறு. முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கலாம் என்று இருந்த நல்ல மாணவர்கள் பலர், பட்டம் வாங்கிய பின் ஓரிரு ஆண்டுகளை வீட்டில் உட்கார்ந்து தயார் செய்வதிலேயே கழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழியில் பி.எஸ்சி. படித்தவன். எம்.எஸ்சி.யில் சேர்ந்த முதல் மாதங்களில் எனக்குத் தடையாக இருந்தது இயற்பியல் அன்று, அதைச் சொல்லும் ஆங்கிலமே. திசைவேகம், நிலைமத் திருப்புத்திறன், குறுக்கீட்டு விளைவு என்று நன்றாகப் புரிந்து வைத்திருந்தவற்றின் ஆங்கிலப் பெயர்களை வகுப்பில் கேட்கும்போது ஒரு நொடி தாமதித்துத்தான் மனம் பிடித்துக்கொள்ளும். அதற்குள் கரும்பலகையில் இரண்டு வரிகள் கடந்திருக்கும். இந்தத் தடை ஒரு பருவத்துக்கு மேல் நீடிக்காது என்பதைத் தமிழ்வழி மாணவர்களுக்கு உறுதியாகச் சொல்வேன். கலைச்சொற்கள் சில நூறுதான். சமன்பாடுகள் எந்த மொழியிலும் ஒன்றே. தமிழில் கருத்தைப் பிடித்தவர்கள் சொற்களைப் பழகிக்கொண்டதும் வேகமாக முன்னேறுவதை என் வகுப்பிலும் காண்கிறேன். தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் அவசியம். மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்டு. 2020 இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும் என்பதால், பள்ளியிலிருந்தும் சான்று வாங்க வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகத் துறையில் படிப்பதன் நன்மைகளை மாணவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கட்டணம் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைவிடப் பெரிய நன்மை, அதே கட்டடத்தில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருப்பது. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவியும் மென்படலம் படிய வைக்கும் வெற்றிடக் கருவியும் மூன்று அறைகள் தள்ளி இருக்கும்போது, இரண்டு ஆண்டுகள் முழுவதும் அந்தக் கதவைத் திறந்து பார்க்காமலேயே படித்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் மாலை நேரங்களில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவியாக அங்கே நின்றவன். மாதிரிகளைக் கழுவிக் கொடுப்பது, அளவீடுகளைக் குறித்துக் கொடுப்பது போன்ற சிறு வேலைகள்தான். ஆயினும் ஒரு வெற்றிடப் பம்பு ஏன் உடனே வேண்டிய அழுத்தத்துக்கு இறங்குவதில்லை, கசிவை எப்படித் தேடுவது, ஓர் அளவீட்டை எப்போது நம்பலாம் என்பவற்றை எந்தத் தாளும் எனக்குக் கற்பிக்கவில்லை. அந்த அறைதான் கற்பித்தது.

இனி அந்த இரண்டு படிப்புகளின் வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பருவத் தேர்வின் கேள்விகள் பெரும்பாலும் தருவித்தலைக் கேட்பவை: இந்தச் சமன்பாட்டை வருவி, இந்தக் கொள்கையை விளக்கு, இந்தச் சோதனையை வரைபடத்துடன் எழுது. பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு படித்தால் நல்ல மதிப்பெண் வரும். அந்த மதிப்பெண் தேவையானதுதான், ஏனெனில் பல இடங்களில் 55 அல்லது 60 விழுக்காடு இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. ஆனால் தேசிய அளவிலான தேர்வுகள் வேறொன்றைக் கேட்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். தூரத்துக்கு நேர்விகிதத்தில் இருபுறமும் சீராக உயரும் நிலையாற்றலில், அதாவது 'வி' எழுத்தின் வடிவிலான நிலையாற்றலில், ஒரு துகள் இருக்கிறது. அதன் நிறை எட்டு மடங்கானால் தாழ்நிலை ஆற்றல் என்னவாகும்? முறைப்படி தீர்க்கப் போனால் ஏரி சார்புகள் (Airy functions) என்னும் சிக்கலான கணிதச் சார்புகள் வரும், பக்கங்கள் ஆகும். தேர்வு அறையில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். நிச்சயமற்ற தன்மைக் கோட்பாட்டை மனத்தில் கொண்டு, உந்தம் என்பது பிளாங்க் மாறிலியைத் தூரத்தால் வகுத்த அளவில் இருக்கும் என்று வைத்து, இயக்க ஆற்றலையும் நிலையாற்றலையும் கூட்டி அதன் சிறும மதிப்பைத் தேடினால், ஆற்றல் நிறையின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பது நான்கு வரிகளில் தெரிந்துவிடும். எட்டின் கனமூலம் இரண்டு. ஆகவே ஆற்றல் பாதியாகும். இந்த விடையைச் சொல்லத் தேவையான இயற்பியல் முழுவதும் முதல் பருவக் குவாண்டம் இயக்கவியலிலேயே இருக்கிறது. அதைக் கையாளும் பழக்கத்தை வினாத்தாள் நம்மிடம் எதிர்பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்தைத் தனியாக உட்கார்ந்து வளர்ப்பது கடினம். எங்கள் வகுப்பில் சிலர் சேர்ந்து, வகுப்பு முடிந்தபின் காலியான அறையில் ஒவ்வொரு மாலையும் ஓரிரு கணக்குகளைக் கரும்பலகையில் தீர்ப்போம். ஒருவர் எழுத, மற்றவர்கள் எந்த வரியில் ஐயம் வந்தாலும் நிறுத்தலாம் என்பதுதான் ஒரே விதி. விடையைப் பார்ப்பதற்கு முன் பரிமாணம் சரியா, நிறை மிகப் பெரிதானால் என்ன ஆகும், வெப்பநிலை சுழியை நெருங்கினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்ப்போம். என்னுடைய இயற்பியல் அறிவில் பெரும்பகுதி அந்த அறையில் உருவானது என்றே நம்புகிறேன். பயிற்சி மையத்துக்குச் செல்ல வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, முந்தைய வினாத்தாள்களும் கிடைக்கின்றன. கூடவே உட்கார்ந்து கணக்குப் போடும் நண்பர்களைத்தான் நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் (சி.எஸ்.ஐ.ஆர்.) நெட் தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் எப்படிப் படிப்பது என்பதும் விளங்கும். இயற்பியல் தாளில் மொத்தம் 200 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். முதல் பகுதியில் பொதுத் திறன் கேள்விகள் 20 கேட்கப்பட்டு 15 க்கு விடையளித்தால் 30 மதிப்பெண்கள். இரண்டாம் பகுதியில் 25 இல் 20, ஒவ்வொன்றுக்கும் 3.5 மதிப்பெண்கள், மூன்றாம் பகுதியில் 30 இல் 20, ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண்கள். தவறான விடைக்கு 25 விழுக்காடு கழிக்கப்படும். எல்லாப் பாடங்களையும் அரைகுறையாகப் படிப்பதைவிடக் கணித இயற்பியல், செவ்வியல் இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல் ஆகிய ஐந்தையும் ஆழமாகப் பிடித்துக்கொள்வதே பயன் தரும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரிகிறது. முதல் பகுதியின் 30 மதிப்பெண்களைப் பள்ளிக் கணிதம் என்று அலட்சியப்படுத்தக் கூடாது. மிகக் குறைந்த இடைவெளியில் உதவித்தொகையைத் தவறவிட்ட என் நண்பர்களுக்கு அந்த இடைவெளி அங்கேதான் இருந்தது. எம்.எஸ்சி. இறுதியாண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படும் தேர்வு என்பதால் முதல் வாய்ப்பைப் படிக்கும் காலத்திலேயே பயன்படுத்திக்கொள்வது நல்லது. 2023 முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டு முதல் முதுநிலை உதவித்தொகையாக 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. கிராமப்புறக் குடும்பத்துப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், மேலே படிக்கலாமா கூடாதா என்பதை வீட்டில் பேசித் தீர்மானிக்கும்போது இந்தத் தொகைதான் பல நேரங்களில் முடிவைச் செய்கிறது. ஆகவே இதை வெறும் பணக்கணக்காக நான் கருதுவதில்லை.

நெட் மட்டுமே வழி என்று நினைத்துவிடக் கூடாது. ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு வழியாகச் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரின் இராமன் ஆராய்ச்சி நிறுவனம், இந்திய வானியற்பியல் நிறுவனம், புனேயில் உள்ள வானியல் மையமான ஐயூகா போன்றவற்றுக்குச் செல்லலாம். பொறியியல், அறிவியல் முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். அதைக் கொண்டு முனைவர் பட்டத்துக்கு மட்டுமன்றிப் பொருளறிவியல், ஒளியியல் போன்ற துறைகளில் எம்.டெக். படிக்கவும் போகலாம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தனியாகத் தேர்வு நடத்துகிறது. பி.எஸ்சி. இறுதியாண்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வை அவசியம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்கும் வாய்ப்பு அதில்தான் இருக்கிறது. கிடைக்காவிட்டாலும், அதற்காகப் போட்ட உழைப்பு எம்.எஸ்சி. முதல் பருவத்திலேயே பலன் தரும். அரசு கலைக் கல்லூரிகளில் இந்தத் தேர்வின் பெயரே காதில் விழாமல் மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுவது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆய்வகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரெக்கார்டு நோட்டு அழகாக இருந்தால் போதும் என்ற மனநிலையில்தான் பெரும்பாலோர் செய்முறை வகுப்புக்கு வருகிறார்கள். முனைவர் பட்டச் சேர்க்கைக்கான என் நேர்காணலில், உங்களுக்குப் பிடித்த சோதனை ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். நியூட்டன் வளையங்கள் என்றேன்; கண்ணாடித் தட்டின்மேல் குவிவில்லையை வைத்து, இடையிலுள்ள மெல்லிய காற்றுப்படலத்தால் தோன்றும் ஒளி வளையங்களை அளக்கும் சோதனை அது. நடுப்புள்ளி ஏன் கருமையாக இருக்கிறது என்று கேட்டார்கள். கண்ணாடித் தட்டில் பட்டு எதிரொளிக்கும் அலைக்கு மட்டும் அரை அலைநீளக் கட்ட மாற்றம் ஏற்படுவதைச் சொன்னேன். அடுத்து, வளையத்தின் விட்டத்தின் இருமடியை வளைய எண்ணுக்கு எதிராக வரையும்போது கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லவில்லை என்றால் உங்கள் சோதனை தவறா என்றார்கள். தவறில்லை, வில்லையும் தட்டும் தொடும் இடத்தில் தூசி இருந்தாலோ, அழுத்தத்தால் சற்று நசுங்கினாலோ நடுவில் தடிமன் சரியாகச் சுழியாக இருக்காது, அது கோட்டின் சாய்வை மாற்றாது, வளைவு ஆரம் சாய்விலிருந்துதான் கிடைக்கிறது என்று விளக்கினேன். நுண்ணோக்கியின் திருகை ஏன் ஒரே திசையில் மட்டும் சுழற்றிக்கொண்டே போக வேண்டும் என்றும் கேட்டார்கள். திசை மாற்றினால் மரையின் தளர்ச்சியால் அளவில் பிழை வரும் என்பதைக் கையால் உணர்ந்திருந்ததால் உடனே சொல்ல முடிந்தது. நேர்காணலின் பாதி நேரம் பி.எஸ்சி. முதலாண்டுச் சோதனை ஒன்றிலேயே போனது. அங்கே அவர்கள் பார்த்தது, தன் கையால் எடுத்த அளவைப் பற்றி ஒருவரால் யோசிக்க முடிகிறதா என்பதைத்தான். ஆகவே ஒவ்வொரு சோதனையிலும் சாய்வை வரைபடத்தாளில் கண்டபின், அதே எண்களைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் இட்டுச் சாய்வையும் அதன் பிழையையும் கணக்கிட்டுப் பார்க்கும்படி என் மாணவர்களிடம் வலியுறுத்துகிறேன். நிரலெழுதும் திறன் என்று பின்னாளில் தற்குறிப்பில் எழுதுவதற்கு இதைவிட நேர்மையான தொடக்கம் இல்லை.

ஆராய்ச்சி தனக்கு ஒத்துவருமா என்று தெரியாதவர்கள் அதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வழியிருக்கிறது. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தில் இரண்டு மாதங்கள் ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் உதவித்தொகையுடன் இருக்கலாம். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே கோரப்படும். கோடை வந்தபின் தேடினால் கிடைக்காது. அங்கு இருந்துவிட்டு வந்து, எனக்கு இது வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் எனக்குத் தெரியும். அந்த முடிவும் மதிப்புள்ளதே, ஏனெனில் முனைவர் பட்டம் ஐந்தாறு ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அவரிடம் படித்து வெளியேறியவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். எங்கள் காலத்தில் முனைவர் பட்டத்துக்கு முன் எம்.ஃபில். என்ற ஆய்வுப் பட்டம் படிப்பது வழக்கமாக இருந்தது. 2022 இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிமுறைகளோடு அது நிறுத்தப்பட்டுவிட்டது. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது அதற்கு நிகரான மாநிலத் தேர்வான செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்று 2023 ஜூலையில் யு.ஜி.சி. தெளிவுபடுத்தியது. என்றாலும் நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. கௌரவ விரிவுரையாளராகப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் முனைவர்கள் என் தலைமுறையிலேயே நிறைய இருக்கிறார்கள். கல்லூரி ஆசிரியர் பணியை மட்டும் இலக்காக வைத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்குள் நுழைய வேண்டாம் என்று அந்தப் பணியில் இருந்துகொண்டே சொல்வது எளிதாக இல்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் இருப்பது நியாயமாகாது.

என் வகுப்புத் தோழர்கள் சென்ற பாதைகளைப் பார்த்தால் இயற்பியல் எவ்வளவு பரந்தது என்பது புரியும். ஒருவர் எம்.எஸ்சி.க்குப் பின் பி.எட். முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி, மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருக்கிறார். வேறொருவர் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளித் தேர்வில் வென்று, ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் அறிவியல் அலுவலரானார்; அந்தப் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று நம் கல்பாக்கத்திலேயே இருக்கிறது. சிலர் மென்பொருள் துறைக்குச் சென்றார்கள், சிலர் வங்கித் தேர்வு எழுதினார்கள். வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்குப் பட்டப்படிப்பில் இயற்பியல் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எனக்கு மிகவும் மதிப்பு உள்ள பாதை, என் தோழி ஒருவர் தேர்ந்தெடுத்த மருத்துவ இயற்பியல். புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்குமுன், கட்டிக்கு எவ்வளவு கதிர்வீச்சு செல்ல வேண்டும், அருகில் இருக்கும் தண்டுவடத்துக்கும் சிறுநீரகத்துக்கும் எவ்வளவுக்கு மேல் செல்லக் கூடாது என்று கணக்கிட்டுத் திட்டமிடுவதும், கருவி அந்த அளவைத்தான் தருகிறதா என்று அளந்து சரிபார்ப்பதும் அவருடைய பணி. எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் கதிரியக்க இயற்பியலில் பட்டயப் படிப்பும், கதிர்வீச்சுச் சிகிச்சை மையம் ஒன்றில் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் வேண்டும். அல்லது அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நேரடியாக எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படிக்கலாம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளின்படி தகுதி பெற்ற மருத்துவ இயற்பியலாளர் இல்லாமல் கதிர்வீச்சுச் சிகிச்சை மையம் இயங்க முடியாது. ஆகையால் இந்தத் தகுதி பெற்றவர்களின் தேவை எப்போதும் இருக்கிறது. அணுக்கரு இயற்பியல் தாளில் கதிர்வீச்சு பொருளோடு வினைபுரிவது என்ற அலகை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்தவர்கள் நாங்கள். அவர் அந்த அலகை வைத்துத்தான் தினமும் மனிதர்களைக் காப்பாற்றுகிறார்.

இப்போது படிப்பவர்களுக்கு எங்களுக்கு இல்லாத வாய்ப்புகளும் வந்திருக்கின்றன. மத்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாயில் குறைக்கடத்தித் திட்டத்துக்கும், 2023 ஏப்ரலில் சுமார் 6,000 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் திட்டத்துக்கும் ஒப்புதல் தந்தது. வெற்றிடத் தொழில்நுட்பம், மென்படலம், ஒளியியல் கருவிகள் ஆகியவற்றில் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இவற்றில் இடமுண்டு. எம்.எஸ்சி. திட்டப்பணிக்குத் தலைப்புத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனத்தில் கொள்ளலாம்.

வேலைக்காகத் திசை மாறியவர்கள் இயற்பியலை இழந்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த சர் சி. வி. இராமன், அன்று ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ள இந்தியாவில் வழியில்லாததால் 1907 இல் நிதித்துறைப் பணியில்தான் சேர்ந்தார். கல்கத்தாவில் அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர், 1917 இல் தான் பேராசிரியரானார். அவருடைய மேதைமை எல்லோருக்கும் வாய்க்காது. இருந்தாலும் வேலை ஓரிடத்திலும் ஆர்வம் ஓரிடத்திலும் இருப்பது நமக்கு மட்டும் நேர்ந்த ஒன்றில்லை என்பதை நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

இறுதியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத அலுவலக விவகாரம் ஒன்று. எம்.எஸ்சி. சேரும்போது பட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். பயன்பாட்டு இயற்பியல், பொருளறிவியல் என்று வேறு பெயரில் உள்ள பட்டங்கள், மாநில அரசுப் பணிக்கு எம்.எஸ்சி. இயற்பியலுக்கு இணையானவை என்று அரசாணை இருந்தால்தான் ஏற்கப்படும். இல்லாவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் பெயர் நீக்கப்படலாம். சேருமுன் துறை அலுவலகத்தில் அந்த அரசாணையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறுதிப் பருவத் தேர்வு முடிவுகள் தாமதமாவதும் நம் பல்கலைக்கழகங்களில் நடக்கக் கூடியதே. எங்கள் முடிவுகள் வரத் தாமதமானபோது, முனைவர் பட்டச் சேர்க்கைக்குத் தற்காலிகச் சான்றிதழ் கேட்ட நிறுவனத்திடம் கால அவகாசம் கோரி எழுத வேண்டியிருந்தது. தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருப்பதாகத் துறைத் தலைவர் தந்த கடிதத்தையும் அதுவரையான எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களையும் இணைத்து அனுப்பியதும் அவகாசம் தந்தார்கள். இப்படிப்பட்ட கடிதத்தை நேர்காணல் அழைப்பு வந்த வாரத்திலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை தொடங்கிவிட்டால் துறையில் கையெழுத்திட ஆள் இருக்க மாட்டார்கள்.